புதன்கிழமை காணாமல் போனபோது

என் தங்கை மகன் 2020 பிப்ரவரி கடைசியில் பிறந்தான். அவனுடைய தாய் சேய் நல அட்டையில் தடுப்பூசிப் பக்கம் மட்டும் மடிப்பு மடிப்பாகக் கசங்கியிருக்கிறது. அத்தனை முறை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். பிறந்தவுடன் போட்ட பி.சி.ஜி., மஞ்சள் காமாலை ஊசி, சொட்டு மருந்து மூன்றும் ஒரே கையெழுத்தில், நீல மையில் இருக்கின்றன. அடுத்தது 45 நாள் ஊசி. அந்த இடத்தில் ஏப்ரல் மாதத் தேதி ஒன்றை எழுதி அடித்திருக்கிறார்கள். மேலே இன்னொரு தேதி, அதுவும் அடிபட்டிருக்கிறது. கடைசியில் ஜூன் மாதத் தேதி, வேறொருவர் கையெழுத்தில், கறுப்பு மையில். 45 நாள் ஊசியை அவன் 100 நாள் கழிந்த பிறகுதான் போட்டுக்கொண்டான்.

இத்தனைக்கும் எங்கள் பக்கம் மருந்துக்குத் தட்டுப்பாடு இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தின் குளிர்பெட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. நர்சம்மாவும் ஊரைவிட்டுப் போய்விடவில்லை. யாருக்குக் காய்ச்சல், யார் வெளியூரிலிருந்து வந்தார்கள் என்று கணக்கெடுத்தபடி தெருத் தெருவாக நடந்துகொண்டிருந்தார். இல்லாமல் போனது புதன்கிழமை மட்டும்தான்.

தமிழ்நாட்டில் புதன்கிழமை ஊசி நாள். காலையில் ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து நாலு ஐஸ் பேக் வைத்த வேக்சின் கேரியர் கிளம்பும். துணை சுகாதார நிலையத்திலோ அங்கன்வாடியிலோ கிராம சுகாதார செவிலியர் காத்திருப்பார். முதல் நாளே அங்கன்வாடி ஆயா தெருவில் சொல்லிவிட்டுப் போயிருப்பார். எந்த ஊசி, எத்தனையாவது தவணை என்பதெல்லாம் தாய்மார்களுக்கு மனப்பாடமாக இருக்க வேண்டியதில்லை. ‘புதன்கிழமை பிள்ளையைத் தூக்கிக்கிட்டு வந்துரு’ என்ற ஒரு வரி போதும். 1978இல் விரிவாக்கத் தடுப்பூசித் திட்டமாகத் தொடங்கி, 1985இல் அனைவருக்குமான தடுப்பூசித் திட்டம் என்று பெயர் மாறி, ஆண்டுக்கு இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்ட பச்சிளம் குழந்தைகளைத் தேடிப்போகும் இந்த ஏற்பாடு, மற்ற மாநிலங்களிலும் கிழமை மாறினாலும் இப்படியொரு நிலையான நாளை நம்பியே ஓடுகிறது. அங்கன்வாடிக் கதவு பூட்டப்பட்டு, கூட்டம் கூடக் கூடாது என்றானதும், யாரும் நிறுத்தச் சொல்லாமலே நின்றுபோகக்கூடியது இதுதான்.

நிறுத்தச் சொன்னார்களா என்பதையும் பார்த்துவிடலாம். உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என்று 2020 மார்ச் 11 அன்று அறிவித்தது. மார்ச் 26 அன்று தடுப்பூசி பற்றி வழிகாட்டுதல் வெளியிட்டது. அதில் இரண்டு விஷயங்கள் தனித்தனியாகச் சொல்லப்பட்டிருந்தன. ஒரே நாளில் ஆயிரக்கணக்கில் கூட்டிப் போடும் பெருமுகாம்களைத் தற்காலிகமாக நிறுத்துங்கள். வழக்கமான குழந்தைத் தடுப்பூசியை முடிந்தவரை விடாமல் நடத்துங்கள். போலியோ ஒழிப்புக் கூட்டமைப்பு அதற்கு இரண்டு நாள் முன்பே வீடு வீடாகப் போகும் சொட்டு மருந்துப் பணியை நிறுத்திவைத்திருந்தது. இந்தியாவில் அந்த ஆண்டின் சொட்டு மருந்து நாள் ஜனவரி 19 அன்றே முடிந்திருந்தது நம் அதிர்ஷ்டம். ஆனால் ‘முகாம் வேண்டாம், வழக்கமானது வேண்டும்’ என்ற நுணுக்கம் ஜெனீவாவிலிருந்து கிளம்பி ஒரு கிராமத்து அங்கன்வாடிக்கு வந்து சேர்வதற்குள் தேய்ந்துவிட்டது. ஊரில் பார்த்தால் புதன்கிழமை ஊசியும் ஒரு கூட்டம்தானே! பதினைந்து தாய்மார்கள், பதினைந்து பிள்ளைகள், கூடவே வந்த பாட்டிகள்.

பயம் அர்த்தமில்லாத பயமும் அல்ல. குழந்தைக்குக் கொரோனா பெரிதாக ஒன்றும் செய்யாது என்று அப்போதே ஓரளவு தெரிந்திருந்தது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்வரும் தாய் வீட்டிலிருக்கும் எழுபது வயது மாமனாருக்குத் தொற்றைக் கொண்டுவந்துவிட்டால்? நன்மை பிள்ளைக்கு, ஆபத்து கிழவருக்கு. இதை எப்படி எடை போடுவது? லண்டன் சுகாதார வெப்பமண்டல மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர்கள் ஆப்பிரிக்க நாடுகளை வைத்து இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்து 2020இல் லான்செட் குழும இதழொன்றில் வெளியிட்டார்கள். ஊசி போடப் போய் வருவதால் தொற்றி நேரும் ஒவ்வொரு கொரோனா மரணத்துக்கும் எதிராக, தடுப்பூசியை நிறுத்தாமல் இருப்பதால் 84 குழந்தைகளின் மரணம் தவிர்க்கப்படும் என்று வந்தது. கொரோனா மரணக் கணக்கில் வீட்டுப் பெரியவர்களையும் சேர்த்தே எண்ணியிருந்தார்கள்.

84 என்பது நடு மதிப்பு. ஊகங்களை மாற்றினால் 14க்கும் இறங்கும், 267க்கும் ஏறும். ஆப்பிரிக்காவில் முதியோர் விகிதம் குறைவு என்பதால் அந்த எண்ணை அப்படியே காரைக்குடிக்குக் கொண்டுவர முடியாது. ஆனாலும், ஆகக் குறைந்த மதிப்பே பதினான்குக்கு ஒன்று என்றால், எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பதில் சந்தேகம் இருக்கவில்லை. இந்தக் கணக்கை யாராவது அந்த மாமனாரிடம் உட்கார்ந்து விளக்கியிருந்தால் அவரே பேரனைக் கொண்டுபோகச் சொல்லியிருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. விளக்க ஆள் இல்லை. ‘வீட்டிலேயே இருங்கள்’ என்று கைப்பேசியில் ஒவ்வொரு அழைப்புக்கும் முன் ஒலித்த குரல், ‘ஊசிக்கு மட்டும் வெளியே வாருங்கள்’ என்று சேர்த்துச் சொல்லவில்லை.

முன்னுதாரணம் இல்லாமலும் இல்லை. 2014இல் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா பரவியபோது லைபீரியா, சியரா லியோன், கினி மூன்று நாடுகளிலும் மருத்துவமனைப் பக்கம் மக்கள் போகவே அஞ்சினார்கள். குழந்தைத் தடுப்பூசி சரிந்தது. எபோலா ஓய்வதற்குள்ளாகவே தட்டம்மை தலைகாட்டியது. காங்கோ ஜனநாயகக் குடியரசின் கதை இன்னும் கொடியது. அங்கே 2018 முதல் 2020 வரை எபோலாவுக்கு ஏறத்தாழ 2,300 பேர் பலியானார்கள். உலகம் முழுக்கச் செய்தி ஆனது. அதே நாட்டில் 2019இல் வெடித்த தட்டம்மை 2020 ஜனவரிக்குள் 6,000 பேருக்கு மேற்பட்டோரைக் கொன்றிருந்தது. பெரும்பாலும் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள். கேமராக்கள் எபோலா வார்டின் வாசலிலேயே நின்றன.

இனி ஊசி போடும் இடத்துக்குள் கொஞ்சம் நெருங்கிப் போகலாம். பொதுவாக எழுதுபவர்கள் தொடாத ஒரு சின்ன விஷயம் அங்கே இருக்கிறது. அது மருந்துக் குப்பி. பி.சி.ஜி. குப்பி ஒன்றில் பத்துக் குழந்தைகளுக்கான மருந்து இருக்கும், தூளாக. கூடவே வரும் திரவத்தில் கரைத்துவிட்டால் நாலு மணி நேரம்தான் ஆயுள். மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். தட்டம்மை-ரூபெல்லா மருந்துக்கும் இதே நாலு மணி நேரக் கெடு. ஐந்து நோய்களுக்கான பென்டாவேலன்ட் அப்படியல்ல. திறந்த குப்பியைக்கூட முறையாகக் குளிரில் வைத்து, திறந்த தேதியை எழுதி, நாலு வாரம் வரை பயன்படுத்தலாம். இந்த வேறுபாடு சாதாரண நாட்களில் பெரிதாகத் தெரியாது. புதன்கிழமையன்று பத்துப் பிள்ளைகள் வந்துவிடுவார்கள், குப்பி தீர்ந்துவிடும். கூட்டத்தைப் பிரித்து, நேரம் ஒதுக்கி, இன்றைக்கு மூன்று பேர், நாளைக்கு மூன்று பேர் என்று வரச் சொன்னால்? மூன்று பேருக்காகக் குப்பியை உடைத்து ஏழு பேர் மருந்தைக் கொட்ட வேண்டும். வீணாகும் மருந்துக்குக் கணக்குக் கேட்பார்கள் என்பது செவிலியர்களின் ரத்தத்தில் ஊறிய பயம். ‘ஒன்பதாம் மாத ஊசிக்கு இன்னும் ரெண்டு பிள்ளை சேரட்டும், அடுத்த வாரம் வாம்மா’ என்று திருப்பி அனுப்புவது கொரோனாவுக்கு முன்பே இருந்த பழக்கம்தான். ஊரடங்கில் அடுத்த வாரம் என்பது அடுத்த மாதம் ஆனது. ஒரு பிள்ளை வந்தாலும் குப்பியைத் திற, மருந்து வீணானால் ஆகட்டும் என்று எழுத்தில் இருப்பதை அதிகாரிகள் வாயாலும் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது.

அடுத்து, எல்லைகள். மத்திய சுகாதார அமைச்சகம் 2020 ஏப்ரலிலும் மே மாதத்திலும் வெளியிட்ட வழிகாட்டுதல்களின் சாரம் இது: பிறந்தவுடன் போடும் ஊசி எங்கும் நிற்கக் கூடாது, கட்டுப்படுத்தப்பட்ட பகுதியில் ஊருக்குள் சென்று போடும் பணி வேண்டாம், கட்டுப்பாட்டுப் பகுதிகளின் பட்டியலிலிருந்து நீக்கிய பிறகும் 14 நாள் பொறுக்க வேண்டும், மற்ற இடங்களில் இடைவெளி விட்டு, நேரம் பிரித்து நடத்தலாம். படிக்க நன்றாகவே இருக்கிறது. ஆனால் சென்னை போன்ற நகரில் ஒரு தெரு பட்டியலில் நுழைவதும் வெளியேறுவதும் மறுபடி நுழைவதுமாக மாதங்கள் ஓடின. ஒவ்வொரு முறையும் 14 நாள் புதிதாக ஆரம்பித்தது.

நம் ஊர்ப் பழக்கம் ஒன்றும் இதில் வந்து மாட்டிக்கொண்டது. பிரசவத்துக்குத் தாய்வீடு. என் தங்கை திருப்பூரில் வாழ்க்கைப்பட்டவள். கர்ப்பப் பதிவு, ஐ.டி. எண் எல்லாம் திருப்பூர் செவிலியரிடம். பிரசவம் எங்கள் ஊரில், சிவகங்கை மாவட்டத்தில். சாதாரணமாக மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ அழைத்துப் போவார்கள், அதற்குள் ஓரிரு ஊசி இங்கே, மிச்சம் அங்கே என்று எப்படியோ நடந்துவிடும். 2020இல் மாவட்டம் தாண்ட இ-பாஸ். ஆகஸ்ட் கடைசி வரை அந்த நடைமுறை இருந்தது. திருப்பூர் பதிவேட்டில் அவன் பெயர் இருந்தது, அவன் இல்லை. எங்கள் ஊரில் அவன் இருந்தான், பதிவேட்டில் இல்லை. இப்படி இரண்டு பதிவேடுகளுக்கு நடுவே விழுந்த பிள்ளைகள் எத்தனை பேர் என்று எந்த அறிக்கையும் தனியாக எண்ணியதாக நான் பார்க்கவில்லை. மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவியின் பிந்தைய தவணைகள் தடுப்பூசி போட்ட பதிவோடு இணைந்தவை என்பதால், ‘பணம் வரலையே’ என்று கேட்கப் போன இடத்தில் ‘ஊசியே போடலையே’ என்று தெரியவந்த வீடுகளும் உண்டு. அந்த வகையில் அரசின் பணம் நல்லதொரு நினைவூட்டல்.

நகரத்து நடுத்தர வர்க்கத்தின் சிக்கல் வேறு. அவர்களுக்குப் புதன்கிழமையே தெரியாது. குழந்தை மருத்துவரின் கிளினிக்தான் தெரியும். அந்தக் கிளினிக்குகள் பல மூடிக்கிடந்தன. வாழ்க்கையில் முதல் முறையாக அரசு நகர்ப்புற சுகாதார நிலையத்தின் படியேறிய சிலர், இங்கேயும் அதே மருந்துதான், காசில்லாமல் போடுகிறார்கள் என்று வியந்து திரும்பினார்கள்.

சரிவு எவ்வளவு? உலக அளவில் பார்த்தால், 2020 மார்ச் கடைசி வாரத்திலிருந்து பயணிகள் விமானங்கள் நின்றதால், அவற்றின் வயிற்றில் போகும் தடுப்பூசிச் சரக்கு 70 முதல் 80 சதவீதம் குறைந்துவிட்டதாக யுனிசெஃப் மே முதல் தேதி எச்சரித்தது. இந்தியா தனக்கு வேண்டிய ஊசிகளில் பெரும்பகுதியைத் தானே தயாரிப்பதால் நமக்கு அந்த அடி விழவில்லை. பல ஆப்பிரிக்க நாடுகளுக்கு விழுந்தது. பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் ஒவ்வொரு குழந்தையின் ஊசியையும் மின்னணுப் பதிவேட்டில் ஏற்றும் வழக்கம் இருந்ததால் சரிவை நாள்வாரியாகப் பார்க்க முடிந்தது. ஊரடங்கின் முதல் வாரங்களில் அன்றாட எண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்கியது. நாளொன்றுக்கு எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் ஊசியைத் தவறவிட்டார்கள். ஏழை நாடுகளின் பிரச்சினை என்று நினைத்துவிட வேண்டாம். அமெரிக்காவின் மிச்சிகனில் ஐந்து மாதக் குழந்தைகளில் உரிய ஊசி அனைத்தையும் போட்டவர்கள் வழக்கமாக மூன்றில் இரண்டு பங்கு இருப்பார்கள். 2020 மே மாதத்தில் பாதிக்கும் குறைவு.

ஆண்டு முடிவில் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் கூட்டிப் பார்த்தபோது, 2020இல் அடிப்படைத் தடுப்பூசிகளைத் தவறவிட்ட குழந்தைகள் 2.3 கோடி, முந்தைய ஆண்டைவிட 37 லட்சம் அதிகம். அதிகமான சரிவைக் கண்ட நாடு இந்தியா. முத்தடுப்பு ஊசியின் முதல் தவணைகூடக் கிடைக்காத குழந்தைகள் 2019இல் 14 லட்சமாக இருந்தது 2020இல் 30 லட்சமானது. மூன்றாம் தவணை முடித்தவர்கள் 91 சதவீதத்திலிருந்து 85க்கு இறங்கினார்கள். ஆறு சதவீதம்தானே என்று கேட்கலாம். ஆண்டுக்கு இரண்டரைக் கோடிக்கு மேல் குழந்தை பிறக்கும் நாட்டில் ஆறு சதவீதம் என்பது ஒரு சின்ன நாட்டின் மக்கள்தொகை. 2021இல் உலக நிலை இன்னும் மோசமாகி, தவறவிட்டவர்கள் இரண்டரைக் கோடியானார்கள். முப்பது ஆண்டுகளில் காணாத தொடர் சரிவு என்று அப்போது எழுதினார்கள்.

இந்த ஆண்டுக் கணக்குகள் ஒரு விஷயத்தை மறைத்துவிடுகின்றன. என் தங்கை மகன் இந்த எதிலும் ‘தவறவிட்ட குழந்தை’ அல்ல. ஒரு வயதுக்குள் மூன்று தவணையும் முடித்துவிட்டான்; புள்ளிவிவரத்தில் அவன் நூற்றுக்கு நூறு. ஆனால் 45 நாள் ஊசியை 45 நாளில் போடச் சொல்வது சடங்குக்காக அல்ல. கக்குவான் இருமல் பிள்ளையைக் கொல்லும் காலம் பெரும்பாலும் முதல் சில மாதங்கள். அந்த மாதங்களை ஊசி இல்லாமல் கடந்துவிட்டு ஆறாம் மாதம் போட்டால், கட்டம் நிரம்புகிறது, பாதுகாக்க வேண்டிய காலம் போய்விடுகிறது. ரோட்டா வைரஸ் சொட்டு மருந்தை ஒரு வயதுக்குள் தொடங்காவிட்டால் நம் அட்டவணைப்படி பிறகு கொடுப்பதே இல்லை. பி.சி.ஜி.க்கும் ஒரு வயதுதான் வரம்பு. தாமதத்தைத் தனியாக அளக்காத எந்த ஆய்வும் பெருந்தொற்றின் சேதத்தைக் குறைத்தே காட்டும் என்பது என் கருத்து. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் தமிழ்நாட்டில் முழுத் தடுப்பூசி பெற்ற குழந்தைகள் ஏறத்தாழ 70 சதவீதத்திலிருந்து 89க்கு உயர்ந்திருந்ததை எல்லோரும் கொண்டாடினோம். கொண்டாட வேண்டியதுதான். ஆனால் அந்தக் களப்பணியில் ஒரு பகுதி ஊரடங்குக்கு முன்பும் மறுபகுதி பின்பும் நடந்தது; நடுவில் பிறந்தவர்களின் முதல் ஆறு மாதம் எப்படிப் போனது என்று அந்த 89 சொல்லாது.

வினோதமான ஓர் அமைதியும் இருந்தது. 2020இல் உலகெங்கும் தட்டம்மை குறைந்தது. 2019இல் கிட்டத்தட்ட 8.7 லட்சம் பேருக்கு என்று பதிவான நோய், மறு ஆண்டு ஐந்தில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. முகக்கவசம், மூடிய பள்ளி, நின்ற பேருந்து எல்லாம் சேர்ந்து செய்த வேலை அது. கண்காணிப்பும் தளர்ந்திருந்தது. ஆனால் அதே ஆண்டில் தட்டம்மையின் முதல் ஊசியைத் தவறவிட்ட பச்சிளங்குழந்தைகள் 2.2 கோடி. நோய் இல்லை, ஊசியும் இல்லை. வட்டி ஏறிக்கொண்டிருந்த கடன் அது.

தட்டம்மை இப்படிக் கடனை வசூலிப்பதில் முதல் ஆள். ஒரு நோயாளி, எதிர்ப்புச் சக்தி இல்லாதவர்கள் நடுவே, 12 முதல் 18 பேருக்குத் தொற்றவைப்பார். அதனால்தான் அதைத் தடுக்க ஊரில் 95 சதவீதம் பேருக்கு இரண்டு தவணை வேண்டும் என்கிறார்கள். மற்ற சில நோய்களுக்கு 85 சதவீதமே தாக்குப்பிடிக்கும் இடத்தில் இதற்கு ஆகாது. நோய் வந்துபோன பிள்ளையின் உடல், முன்பு பெற்ற மற்ற நோய்களுக்கான எதிர்ப்பொருட்களிலும் ஒரு பகுதியை இழந்துவிடும். 11 முதல் 73 சதவீதம் வரை அழிந்திருந்ததை 2019இல் நெதர்லாந்துக் குழந்தைகளிடம் செய்த ஆய்வில் கண்டார்கள். நம் பக்கம் இன்னொரு சங்கடம். மணல்வாரி என்று சொன்னாலும் தட்டம்மை என்று சொன்னாலும், வந்தால் ‘ஆத்தா வந்திருக்கா’ என்று வேப்பிலை கட்டி வீட்டோடு வைத்துக்கொள்வார்கள். அம்மனுக்குச் செய்யும் மரியாதையை நான் குறை சொல்லவில்லை. தனிமைப்படுத்தும் வேலையை அது ஓரளவு செய்யவும் செய்கிறது. ஆனால் நர்சம்மாவுக்குச் சேதி போகாது. சேதி போகாத தெருவில் நோய் மூன்றாவது வீட்டைத் தாண்டிய பிறகுதான் வெளியே தெரியும்.

2022 இறுதியில் மும்பையில் வட்டி வசூலானது. கோவண்டி உள்ளிட்ட குடிசைப் பகுதிகளில் அக்டோபர், நவம்பர் மாதங்களில் தட்டம்மை பரவி, பத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். ராஞ்சி, அகமதாபாத், மலப்புரம் ஊர்களிலும் பரவியதால் மத்தியக் குழுக்கள் போயின. பரவல் உள்ள இடங்களில் ஒன்பது மாதம் முதல் ஐந்து வயது வரை கூடுதலாக ஒரு தவணை, ஆறு முதல் ஒன்பது மாதக் குழந்தைகளுக்கும் ஒரு முன்தவணை என்று முடிவானது. கோவண்டியில் நோய் கண்ட பிள்ளைகளில் பலர் 2020, 2021இல் ஒன்பதாம் மாதத்தைக் கடந்தவர்கள். பெருந்தொற்றில் சொந்த ஊருக்குப் போய்த் திரும்பிய குடும்பங்கள் நிறைந்த பகுதி அது. தாய்வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பதிவேட்டுக்கு நடுவே விழுந்தார்கள் என்றால், இந்தப் பிள்ளைகள் இரண்டு மாநிலங்களுக்கு நடுவே விழுந்தவர்கள். உலகம் முழுதும் 2022இல் தட்டம்மை மரணங்கள் 1,36,000. முந்தைய ஆண்டைவிட 43 சதவீதம் கூடுதல்.

போலியோவும் சும்மா இருக்கவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் ஆப்பிரிக்கப் பிராந்தியம் இயற்கைப் போலியோ இல்லாதது என்று 2020 ஆகஸ்டில் சான்று பெற்றது. 2022 பிப்ரவரியில் மலாவியில் ஒரு குழந்தைக்கு இருப்பது தெரியவந்தது, பாகிஸ்தான் வழி வந்த கிருமி. அதே ஆண்டு நியூயார்க் மாகாணத்தில் ஓர் இளைஞருக்குப் போலியோ வாதம். லண்டன் சாக்கடை நீரில் கிருமி.

பழுது பார்க்கும் வேலை எங்கே சரியாக நடந்தது? மருந்து, பணம், விளம்பரம் எல்லாம் வேண்டும்தான். ஆனால் நன்றாகத் தப்பித்த இடங்களை வரிசையாகப் பார்த்தால், பட்டியல் இருந்த இடம் தப்பியது என்றே சொல்லத் தோன்றுகிறது. யார், எந்த வீடு, எந்தத் தவணை பாக்கி, எந்தத் தொலைபேசி எண். சிந்து மாகாணம் சரிவை உடனே கண்டுபிடித்தது அந்தப் பட்டியலால்தான். ஸ்காட்லாந்தில் அதைவிட ஆச்சரியம்: 2020 ஊரடங்கில் குழந்தைத் தடுப்பூசி குறைவதற்குப் பதில் கூடியது. பக்கத்து இங்கிலாந்தில் சற்றுக் குறைந்தது. தெளிவான அறிவிப்பும், வீட்டிலேயே இருந்த பெற்றோருக்குக் கிடைத்த நேரமும் காரணமாகச் சொல்லப்பட்டன. அங்கே நேரம் குறித்துக் கடிதம் வீடு தேடி வரும் ஏற்பாடு முன்பே ஊறியிருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இந்தியாவின் வழி தீவிர இந்திரதனுஷ் இயக்கம். 2014இல் தொடங்கிய இந்திரதனுஷின் மூன்றாவது தீவிரச் சுற்று 2021 பிப்ரவரி, மார்ச்சில் 250 மாவட்டங்களிலும், நான்காவது 2022இல் 416 மாவட்டங்களிலும், ஐந்தாவது 2023இல் எல்லா மாவட்டங்களிலும் நடந்தது. விடுபட்ட பிள்ளைகளைத் தலையெண்ணிக் கணக்கெடுத்து, பட்டியல் போட்டு, ஊசி போட்டார்கள். இதில் தாய்மார்களுக்கும் சில தனியார் மருத்துவர்களுக்குமே குழப்பமாக இருந்த ஒரு விதி உண்டு: தவறிய தவணையை விட்ட இடத்திலிருந்து தொடரலாம்; முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை. ‘எல்லாம் வீணாப்போச்சு, இனி என்ன’ என்று நின்றுவிட்டவர்களை இந்த ஒரு வாக்கியம் திரும்ப அழைத்துவந்தது. பலனும் தெரிந்தது. ஒரு ஊசியும் பெறாத குழந்தைகள் 2021இல் 27 லட்சமாக இருந்தது 2022இல் 11 லட்சம். 2023இல் 16 லட்சமாகக் கூடி, 2024இல் 9 லட்சத்துக்கு இறங்கியது. நடுவில் ஏறி இறங்கியதைப் பார்த்தால், வேலை முடிந்துவிட்டது என்று மூச்சுவிட இடமில்லை.

இந்த மீட்சி நடந்த ஆண்டுகளில்தான் அதே செவிலியர் கைகள் கொரோனா தடுப்பூசியையும் போட்டன என்பதை மறந்துவிடுகிறோம். 2021 ஜனவரி 16 அன்று அது தொடங்குகிறது என்பதற்காக, மறுநாள் நடக்க வேண்டிய போலியோ சொட்டு மருந்து நாளை 31ஆம் தேதிக்குத் தள்ளினார்கள். அந்தச் செப்டம்பரிலிருந்து தமிழ்நாட்டில் வாரந்தோறும் மெகா முகாம். அதற்கு முன்பாக அந்த வருடம்தான் நிமோனியாவுக்கான நியூமோகாக்கல் ஊசி புதிதாக அட்டவணையில் சேர்ந்திருந்தது. மெகா முகாம், புதன் ஊசி, நடுவில் அன்றாட எண்ணிக்கையைக் கணினியில் ஏற்றும் வேலை. பெருந்தொற்றுக் காலத்தில் குழந்தைத் தடுப்பூசியைக் காப்பது எப்படி என்று அறிக்கை எழுதுபவர்கள், அதற்கென ஆளை ஒதுக்கிவைக்க வேண்டும் என்பதை முதல் வரியாக எழுதலாம். பெரும்பாலும் அது கடைசிப் பக்கத்தில்தான் வருகிறது.

நம்பிக்கை பற்றியும் இரண்டு வரி. யுனிசெஃப் 2023இல் 55 நாடுகளைப் பார்த்ததில், குழந்தைக்கு ஊசி முக்கியம் என்ற எண்ணம் 52 நாடுகளில் குறைந்திருந்தது. குறையாத மூன்றில் இந்தியாவும் ஒன்று. சீனா, மெக்சிகோ மற்றவை. கொரோனா ஊசி பற்றி வாட்ஸ்அப்பில் வந்த வதந்திகளையெல்லாம் நினைத்தால் இது எனக்கே வியப்பு. ஊசி மீது நமக்கு நம்பிக்கை குறையவில்லை என்பதால் சிக்கலே இல்லை என்றாகாது, இலங்கையைப் பாருங்கள். குடும்ப நல உத்தியோகத்தர்கள் வீட்டுக்கு வீடு அறிமுகமான, தடுப்பூசியில் தெற்காசியாவுக்கே முன்மாதிரியான நாடு. 2019இல் தட்டம்மையை ஒழித்ததாகச் சான்று பெற்றது. பெருந்தொற்றும் பொருளாதார நெருக்கடியும் கடந்து, 2023இல் கொழும்புப் பக்கம் தட்டம்மை திரும்பிவந்தது. 2024 ஜனவரியில் கூடுதல் தவணை முகாம் நடத்த வேண்டியதாயிற்று.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது நர்சம்மாவைப் பார்த்தேன். ஓய்வுபெற இன்னும் கொஞ்ச காலம்தான் இருக்கிறது. 2020ஆம் வருடப் பதிவேட்டைக் காட்டச் சொன்னேன். நீளவாக்கிலான தடித்த நோட்டு, அட்டை கிழிந்து டேப் ஒட்டியது. சில பெயர்களுக்கு எதிரே பென்சிலில் ‘தா.வீ.’ என்று எழுதியிருந்தது. “தாய்வீடு தம்பி. நம்ம ஊர்ப் பிள்ளை, வேற ஊர்ல இருக்கும். இல்லாட்டி வேற ஊர்ப் பிள்ளை, நம்ம ஊர்ல இருக்கும். ராத்திரி வீட்டுக்குப் போய், ஒவ்வொருத்தருக்கா போன் போட்டு, அந்த ஊர் சிஸ்டர் நம்பர் வாங்கி, போட்டாச்சான்னு கேட்டுட்டு அழிச்சிருவேன்” என்றார். அழித்த தடங்கள் தாளில் மங்கலாகத் தெரிந்தன. என் தங்கை மகன் பெயரை அடியில் தனியாக, வரிசை எண் இல்லாமல் எழுதியிருந்தார்.

ஒரு பெயருக்கு எதிரே மட்டும் பென்சில் எழுத்து அழியாமல் இருந்தது. அது ‘தா.வீ.’ இல்லை, ‘சூளை’ என்றிருந்தது. செங்கல் சூளைக்குப் போன குடும்பம், பெண் பிள்ளை, அந்த நம்பர் அப்பவே உபயோகத்துல இல்லேன்னு வந்துச்சு என்றார். எந்த மாவட்டத்துச் சூளை என்று கேட்டேன். பதில் சொல்லாமல் பக்கத்தைப் புரட்டினார்.